குழாய் சிறுத்தால் புகை திரும்பும்

வாசகர் கேள்வி – பதில்

சிம்னி, எக்ஸாஸ்ட் ஃபேன், ஏசி டக்ட் பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மோட்டாரைக் குறை சொல்லித் தொடங்குகின்றன. படித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் குழாயில்தான் தவறு. அதனால் இந்த இதழ் முழுக்கக் குழாய்க்கே.

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி: 1,200 கன மீட்டர் இழுக்கும் என்று சொன்ன சிம்னியை வாங்கி மாட்டினோம். பில்டர் சுவரில் விட்டிருந்த ஓட்டை 4 அங்குலம். மாட்ட வந்தவர் ரெட்யூசர் (குழாயின் அகலத்தைச் சுருக்கும் இணைப்பு) போட்டு அதிலேயே குழாயைச் சேர்த்துவிட்டார். தாளித்தால் மிளகாய் நெடி கூடம் வரை வருகிறது, சத்தமும் தாங்கவில்லை. சிம்னியை மாற்றித் தரச் சொல்லலாமா?

சிம்னி நன்றாகத்தான் இருக்கும். ரெட்யூசர்தான் அதன் கழுத்தைப் பிடிக்கிறது.

6 அங்குலக் குழாயின் வாய்ப் பரப்பு ஏறக்குறைய 28 சதுர அங்குலம். 4 அங்குலக் குழாய்க்கு 12.6 தான். விட்டத்தில் 2 அங்குலம் குறைந்தால் வழி பாதிக்கும் கீழே போய்விடுகிறது. தடையோ இன்னும் வேகமாக ஏறும்: அதே அளவு காற்றை அதே நீளக் குழாயில் தள்ள ஏறக்குறைய ஏழரை மடங்கு அழுத்தம் வேண்டும்.

1,200 கன மீட்டர் என்பது மணிக்கணக்கு. குழாய் எதுவும் மாட்டாமல், தடையில்லாமல் ஓடும்போது கிடைக்கும் அளவு அது. அவ்வளவு காற்றும் 6 அங்குலக் குழாயில் போக வேண்டுமென்றால் மணிக்கு 66 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். 4 அங்குலத்தில் அது 150 கிலோமீட்டரை நெருங்கும், கடும்புயலின் வேகம். வீட்டுச் சிம்னியின் மோட்டாரால் அது முடியாது. முடிந்த அளவு தள்ளிவிட்டு மீதியை அடுப்படியிலேயே விட்டுவிடும். நீங்கள் கேட்கும் இரைச்சல் அந்த இடுக்கில் காற்று பிதுங்கும் சத்தம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 10 அடிக்கு 8 அடி சமையலறை, 10 அடி உயரம் என்றால் உள்ளே இருப்பது மொத்தம் 23 கன மீட்டர் காற்று. அதை மணிக்கு 20 முறை மாற்றினாலும் 460 கன மீட்டர்தான் ஆகிறது. 6 அங்குலக் குழாயில் அது சிரமமில்லாமல் போகும். பெரிய எண் எழுதிய சிம்னியைத் தேடுவதைவிட, அளவான சிம்னிக்கு முழு அகலக் குழாய் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

செய்ய வேண்டியது: ரெட்யூசரைக் கழற்றுங்கள். சுவர் செங்கல் என்றால் கோர் கட்டிங் ஆளைக் கூப்பிட்டு 6½ அங்குல ஓட்டை போடச் சொல்லுங்கள். அரை நாள் வேலை. ஓட்டை பீமிலோ தூணிலோ கான்கிரீட் சுவரிலோ விழுமானால் தொடவே வேண்டாம், உள்ளே கம்பி அறுபடும். அப்படிப்பட்ட ஃபிளாட்டில் ஜன்னலின் மேல் வென்டிலேட்டர் கண்ணாடியில் ஒன்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அலுமினியத் தகடு பொருத்தி, அதில் வட்டமாக வெட்டிக் குழாயை வெளியே விடலாம். பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது. ஆனால் புகை போகும்.

அப்படியே சிம்னியின் மேல் வாயிலுள்ள பிளாஸ்டிக் காலரையும் பாருங்கள். அதற்குள் இரண்டு சிறிய மடல்கள் உண்டு. ஃபேன் ஓடும்போது திறக்கும், நின்றதும் மூடும். பெட்டியிலிருந்து எடுக்கும்போது அவற்றில் ஒட்டியிருக்கும் டேப்பைப் பிரிக்காமலே மாட்டிவிடுகிறார்கள். சிலர் குழாயை இறுக்க அடிக்கும் ஸ்க்ரூ உள்ளே நீண்டு மடலைத் தடுத்துவிடுகிறது. கையை விட்டு இரண்டு மடலும் தடங்கலின்றி ஏறி இறங்குகின்றனவா என்று பார்த்துவிட்டு, பிறகு கம்பெனிக்குப் போன் செய்யுங்கள்.

கரூரிலிருந்து ஒரு வாசகர்: சிம்னிக்கு அலுமினிய ஃப்ளெக்ஸிபிள் பைப், பிவிசி, ஜிஐ என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைப் போடுவது?

ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டில் செய்த விறைப்பான உருளைக் குழாய். 24 அல்லது 26 கேஜ் போதும் (கேஜ் எண் ஏற ஏறத் தகடு மெலிதாகும்). கடலோரத்து வீடு என்றால் ஜிஐ துருப்பிடிக்கும். அங்கே விறைப்பான அலுமினியம் அல்லது 304 ஸ்டெயின்லெஸ்.

அக்கார்டியன் போல மடிப்பு மடிப்பாக வரும் அலுமினியக் குழாய் கெட்ட பொருள் அல்ல. அதைப் போடும் விதம்தான் கெடுக்கிறது. முழுக்க இழுத்தால்தான் உட்புறம் ஓரளவு சமமாகும். 6 அடி தூரத்துக்கு 10 அடிக் குழாயை வாங்கி, மிச்சத்தை வெட்டாமல் லாஃப்டுக்குள் சுருட்டித் திணித்தால் ஒவ்வொரு மடிப்பும் காற்றைத் தடுக்கும், எண்ணெய்ப் பிசுக்கும் அங்கேயே சேரும். சிம்னி வாய்க்கும் விறைப்பான குழாய்க்கும் நடுவே ஓரடி, ஒன்றரை அடி இணைப்பாக மட்டும் இதைப் போடுங்கள். மோட்டாரின் அதிர்வு சுவருக்குப் போகாமல் தடுக்கும்.

பிவிசியின் உட்புறம் வழுவழுப்பாக இருப்பதால் காற்று நன்றாகவே ஓடும். பிளம்பர் கையில் எப்போதும் இருப்பதால் பல வீடுகளில் அதுதான் ஏறுகிறது. எங்கள் தீர்ப்பு: குளியலறைக்குச் சரி, அடுப்படிக்கு வேண்டாம். 80 டிகிரி வெப்பத்தை நெருங்கும்போதே அது இளகத் தொடங்கும். வாணலியில் எண்ணெய் பற்றி எரிந்தால் சிம்னி அந்தத் தீயை நேராகக் குழாய்க்குள் இழுக்கும். குழாயின் உட்சுவரில் பிசுக்கு காத்திருக்கிறது. பிவிசி எரிந்தால் வரும் ஹைட்ரஜன் குளோரைடு கண்ணையும் தொண்டையையும் அரிக்கும் நச்சு வாயு. சில நூறு ரூபாய் மிச்சத்துக்காக அதைச் சுவருக்குள் வைத்துப் பூச வேண்டாம்.

திருநெல்வேலியிலிருந்து வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஒரு வாசகர்: பூச்சு வேலை இன்னும் தொடங்கவில்லை. சிம்னிக் குழாய்க்கு இப்போதே என்ன செய்து வைக்க வேண்டும்? பிறகு மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

இந்தக் கட்டத்தில் கேட்டது நல்லது. பூச்சு முடிந்த பிறகு கேட்டிருந்தால் பாதிப் பதில் ‘உடைக்க வேண்டும்’ என்றுதான் இருந்திருக்கும்.

முதலில் அடுப்பின் இடத்தை முடிவு செய்யுங்கள். வெளிச்சுவரை ஒட்டியே அடுப்பு இருந்தால் குழாய் ஓரிரு அடியில் முடிந்துவிடும். 10 அடி உயர அறையில் லிண்டல் 7 அடியில் தொடங்கி ஏழரை அடியில் முடியும்; பீமின் அடிப்பக்கம் ஏறக்குறைய 9 அடியில் இருக்கும். இடையிலுள்ள செங்கல் பகுதியில், தரையிலிருந்து எட்டேகால் அடியில் ஓட்டையின் மையம் வரட்டும். அங்கே 7 அங்குல விட்டத்தில் தகர ஸ்லீவ் ஒன்றைச் சுவரின் முழுக் கனத்துக்கும் பதித்துவிடச் சொல்லுங்கள். வெளிப்பக்கம் கால் அங்குலம் தாழ்வாக இருக்க வேண்டும். கொத்தனார் மட்டம் பார்த்துச் சமமாகத்தான் வைக்கப் பார்ப்பார்; தாழ்த்தி வைக்கச் சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள். சமமாக இருந்தால் சாரல் மழை குழாய் வழியே சிம்னிக்குள் வரும்.

மாட்டும் நாளில் வாங்க வேண்டியவை, சிம்னியிலிருந்து மேலே 2 அடி, பிறகு ஒரு வளைவு, அங்கிருந்து சுவர் வரை 7 அடி என்று வைத்துக்கொண்டால்: 6 அங்குல ஜிஐ குழாய் 10 அடி, நீள வளைவு பெண்ட் ஒன்று, ஒன்றரை அடி ஃப்ளெக்ஸிபிள், அதன் இரு முனைக்கும் ஸ்க்ரூ கிளாம்ப் இரண்டு, குழாயைத் தாங்க வளையக் கிளாம்ப் மூன்று, 2 அங்குல அகல அலுமினிய டேப் ஒரு ரோல், பாப் ரிவெட் ஒரு டஜன், சிலிக்கான் ஒரு டியூப், வெளிவாயை மூட மடல் வைத்த கௌல் கவர் ஒன்று.

பெண்ட் வாங்கும்போது பணத்தைப் பார்க்காதீர்கள். தகட்டை நேர்க்கோணத்தில் வெட்டி ஒட்டிய கூர்மூலை எல்போ, 6 அங்குலக் குழாயில் ஏறக்குறைய 9 மீட்டர் நேர்க்குழாய்க்குச் சமமான தடையைக் கொடுக்கும். ஐந்து துண்டாக வளைத்துச் செய்த நீள பெண்ட் இரண்டு மீட்டருக்கும் குறைவான தடைதான். ஒரே திருப்பம், ஆனால் வித்தியாசம் ஐந்து மடங்கு. இடம் இருந்தால் ஒரு 90 டிகிரிக்குப் பதில் இரண்டு 45 டிகிரி. மொத்தத்தில் இரண்டு திருப்பத்துக்கு மேல் போகாமல் பாதையை அமையுங்கள்.

குழாய்த் துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று 2 அங்குலம் செருக வேண்டும். செங்குத்தாக நிற்கும் இடத்தில் மேல் குழாயின் முனை கீழ்க் குழாய்க்குள் இறங்கட்டும். காற்று மேலே போகிறதே, மாற்றியல்லவா செருக வேண்டும் என்று தோன்றும். காற்று எப்படியும் போய்விடும். சுவரில் படிந்து கீழே வழிவது எண்ணெய். மாற்றிச் செருகினால் அது இணைப்பில் கசிந்து கேபினெட்டின் மேல் சொட்டும். ஒவ்வொரு இணைப்புக்கும் மூன்று ரிவெட், அதன் மேல் அலுமினிய டேப் இரண்டு சுற்று. ஒட்டுமிடத்தைத் துணியால் துடைத்து எண்ணெய் பிசுக்கின்றி வைத்துக்கொள்ளுங்கள். சாம்பல் நிறத் துணி டேப் வேண்டாம், சூட்டில் அதன் பசை காய்ந்து ஒரே வருடத்தில் உரிந்து தொங்கும். நீள ஸ்க்ரூவும் வேண்டாம். உள்ளே துருத்தும் ஒவ்வொரு முனையும் பிசுக்கு சேரும் ஆணியாகும்.

கிடைமட்டக் குழாய்க்கு 4 அடிக்கு ஒரு கிளாம்ப். மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் வெளிப்பக்கம் தாழ்வு. ஸ்லீவுக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள சந்தை வெளிப்பக்கம் சிலிக்கானால் அடைத்துவிடுங்கள். சிம்னியின் அடிப்பக்கம் அடுப்பிலிருந்து 26 முதல் 30 அங்குல உயரத்தில் நிற்க வேண்டும்.

முடிந்ததும் இரண்டு சோதனை. ஊதுபத்தியைக் கொளுத்தி ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் காட்டுங்கள். புகை அலைக்கழிந்தால் கசிவு உண்டு. பிறகு ஒரு டிஷ்யூ தாளைச் சிம்னி ஃபில்டரில் ஒட்ட விட்டு, சமையலறை ஜன்னலைத் திறந்தும் மூடியும் பாருங்கள். மூடியதும் தாள் தொய்ந்தால் வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே வர வழியில்லை என்று பொருள். சமைக்கும்போது ஒரு கதவு ஒரு சாண் திறந்திருக்க வேண்டும்.

மதுரையிலிருந்து ஒரு வாசகி: புறா கூடு கட்டுகிறது என்று சிம்னிக் குழாயின் வெளிவாயில் கொசுவலைக் கம்பி அடித்தோம். ஆறு மாதத்தில் இழுப்பு நின்றுவிட்டது.

வலையைக் கழற்றிப் பாருங்கள், பிசுக்கு அடைத்து அட்டை போல ஆகியிருக்கும். சமையல் புகைக்கு வலை ஒத்துவராது. மேலே கீல் வைத்த மடல் கௌல் போடுங்கள். ஃபேன் நின்றதும் மடல் தானே விழுந்து மூடும், புறா நுழையாது. குளியலறைக் குழாய்க்கு மட்டும் அரை அங்குலக் கண்ணுள்ள வலை போடலாம்.

விழுப்புரத்திலிருந்து ஒரு வாசகர்: செப்டிக் டேங்க் வென்ட் பைப் சமையலறைச் சுவரை ஒட்டியே மாடிக்குப் போகிறது. சிம்னியை அதில் சேர்த்துவிடலாம் என்கிறார் பிளம்பர்.

கூடாது. சிம்னி நிற்கும் ஒவ்வொரு நேரமும் அந்தக் குழாயில் வரும் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் உங்கள் அடுப்புக்கு மேலே வந்து நிற்கும். ஒன்று எரியும் வாயு, மற்றது நச்சு. குளியலறை எக்ஸாஸ்டையும் சிம்னியையும் ஒரே குழாயில் சேர்ப்பதும் இதே வகைத் தவறு. ஒரு ஃபேன் ஓடும்போது மற்ற அறைக்கு அதன் காற்று போய்ச் சேரும். ஒவ்வொன்றுக்கும் தனிக் குழாய்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர்: குளியலறைக்கு வெளிச்சுவர் இல்லை. 6 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேனை ஃபால்ஸ் சீலிங்கில் வைத்து 10 அடிக் குழாயில் ஷாஃப்டுக்கு விட்டோம். ஃபேன் சுற்றுகிறது, ஈரம் போகவில்லை, கண்ணாடி மங்கியே இருக்கிறது.

விசிறி இறக்கை வைத்த சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன், சுவரில் ஓட்டை போட்டு நேராக வெளியே தள்ளுவதற்கானது. எதிரே சிறிது அழுத்தம் வந்தாலும் இறக்கை காற்றை அங்கேயே கலக்கிக்கொண்டிருக்கும். 10 அடிக் குழாய்க்கு இன்லைன் ஃபேன் என்று கேட்டு வாங்குங்கள். குழாயின் நடுவிலேயே பொருந்தும், அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளும்.

அளவு இப்படி: 5 அடிக்கு 8 அடி அறை, 9 அடி உயரம் என்றால் 360 கன அடி. மணிக்கு 8 முறை மாற்ற நிமிடத்துக்கு 48 கன அடி வேண்டும். குழாய்த் தடைக்கும் சேர்த்து 80 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) ஃபேன் எடுங்கள். 4 அங்குல பிவிசி குழாய் தாராளம். ஷாஃப்ட் பக்கம் தாழ்வாக விட்டால் நீராவி குளிர்ந்து சேரும் தண்ணீர் வெளியே வடியும். இல்லாவிட்டால் அது ஃபேன் மோட்டாரில் இறங்கும். கதவின் அடியில் முக்கால் அங்குலம் சந்து இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எந்த ஃபேன் போட்டாலும் பயனில்லை. ஷாஃப்டில் முடியும் இடத்தில் மடல் கட்டாயம் வேண்டும், கீழ் வீட்டு வாடை உங்கள் வீட்டுக்குள் வராமலிருக்க.

ஓசூரிலிருந்து ஒரு வாசகி: குளியலறையில் கேஸ் கீசர் இருக்கிறது. குளிரால் ஜன்னலை மூடிவிடுகிறோம். எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் போதுமல்லவா?

போதாது. தயவுசெய்து இன்றே அந்தக் கீசரை நிறுத்துங்கள். மூடிய சிறு அறையில் கேஸ் எரியும்போது ஆக்சிஜன் குறையக் குறையக் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். தலைசுற்றல், தலைவலி என்று உணரும்போதே கால் தளர்ந்து கதவைத் திறக்க முடியாமல் போகலாம். எக்ஸாஸ்ட் ஃபேன் சில சமயம் கேட்டையே கூட்டும்: உள்ளே காற்று வர வழியில்லாத அறையில் அது கீசரின் புகையைக் கீழே இழுத்துவிடும்.

கீசரைத் திறந்த பால்கனிக்கோ வெளிச்சுவருக்கோ மாற்றி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். புகைபோக்கி வைத்த மாடலாக இருந்தாலும் அதற்கென்று தனிக் குழாய், தனி வாய். வேறு எந்தக் குழாயோடும் சேரக் கூடாது.

சேலத்திலிருந்து ஒரு வாசகர்: மெஸ் தொடங்குகிறேன். மூன்று பர்னர் அடுப்பு, மேலே 6 அடிக்கு 3 அடி ஹூட். தகர வேலை செய்பவர் 8 அங்குலக் குழாய், 24 கேஜ் ஜிஐ போதும் என்கிறார். மாடி வரை 40 அடி.

இரண்டுமே போதாது. உணவக அடுப்படியை வீட்டுக் கணக்கில் போடக் கூடாது.

ஹூட்டின் வாயில் காற்று வினாடிக்கு அரை மீட்டர் வேகத்திலாவது ஏற வேண்டும். அப்போதுதான் தோசைக்கல் புகை பக்கவாட்டில் தப்பாது. 6 அடிக்கு 3 அடி என்பது 1.67 சதுர மீட்டர். வினாடிக்கு 0.84 கன மீட்டர் காற்று, அதாவது ஏறக்குறைய 1,800 சிஎஃப்எம். குழாயில் வேகம் வினாடிக்கு 9 மீட்டர் என்று வைத்தால் 0.093 சதுர மீட்டர் வழி வேண்டும். சதுரமாகச் செய்தால் 12 அங்குலத்துக்கு 12 அங்குலம், உருளை என்றால் பதின்மூன்றரை அங்குல விட்டம். 8 அங்குலக் குழாயில் இதே காற்று வினாடிக்கு 26 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டியிருக்கும். சத்தத்தில் சாப்பிட உட்காருபவர்கள் எழுந்து போய்விடுவார்கள். ஹூட் அடுப்பைவிட ஒவ்வொரு பக்கமும் 6 அங்குலம் நீண்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தகடு: 16 கேஜ் இரும்பு அல்லது 18 கேஜ் ஸ்டெயின்லெஸ், இணைப்புகள் முழுக்க வெல்டிங். 24 கேஜில் மடித்து லாக் போட்ட தையலில் எண்ணெய் கசியும், முதல் வருடத்திலேயே சுவரில் கருங்கோடு இறங்கும். அது அழுக்கு மட்டுமல்ல. டக்டுக்குள் பிசுக்கு பற்றினால் வெப்பம் 1,000 டிகிரியைத் தொடும். ஜிஐயின் துத்தநாகப் பூச்சு 420 டிகிரியிலேயே உருகும், மெல்லிய தகடு வளைந்து தையல் பிரிந்து தீ கட்டடத்துக்குள் இறங்கும். மரம், கீற்று, பிளைவுட் எதுவும் டக்டிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்கக் கூடாது. மாடியில் கீற்றுக் கொட்டகை இருந்தால் வாயை வேறு பக்கம் கொண்டுபோங்கள், அல்லது கொட்டகையை எடுத்துவிடுங்கள். இதில் சமரசம் வேண்டாம்.

ப்ளோயர் மாடியில், குழாயின் கடைசியில். அப்போது கட்டடத்துக்குள் ஓடும் குழாய் முழுவதும் இழுவையில் இருக்கும். எங்காவது சந்து விழுந்தாலும் காற்று உள்ளே போகுமே தவிரப் புகை வெளியே வராது. 1,800 சிஎஃப்எம், 30 மில்லிமீட்டர் நீர் அழுத்தம் என்று இரண்டு எண்ணையும் சொல்லிக் கேளுங்கள். சிஎஃப்எம் மட்டும் சொன்னால் கிடைப்பது உங்கள் குழாய்க்குப் பொருந்தாமல் போகலாம். மோட்டார் காற்றோட்டத்துக்கு வெளியே இருக்கும் பெல்ட் வகையாகட்டும். வாய் தளத்திலிருந்து 1 மீட்டராவது உயர்ந்து நிற்க வேண்டும்.

ஹூட்டுக்குள் 20 அங்குல பேஃபிள் ஃபில்டர் மூன்று, 45 டிகிரி சாய்வில், கீழே எண்ணெய்த் தொட்டியோடு. தினமும் இரவில் கழற்றிக் கழுவ வேண்டும். டக்டின் ஒவ்வொரு திருப்பத்திலும், நேர்ப்பகுதியில் 12 அடிக்கு ஒன்றாகவும் திறந்து சுரண்டக் கதவு வையுங்கள். கதவு இல்லாத டக்டை யாரும் சுத்தம் செய்வதில்லை. வெளியேறும் காற்றில் 80 சதவீதத்தையாவது இன்னொரு ஃபேன் உள்ளே தர வேண்டும். இல்லாவிட்டால் வாசல் கதவு தானே அறைந்து மூடும், பர்னர் தீ மஞ்சளாகும்.

தூத்துக்குடியிலிருந்து ஒரு கிளினிக் வாசகர்: ஏசி டக்டின் அடியில் தண்ணீர் சொட்டி ஃபால்ஸ் சீலிங் கறைபடுகிறது. டக்ட் ஓட்டையாகிவிட்டதா?

ஓட்டை இல்லை, வியர்வை. உங்கள் ஊரில் 33 டிகிரி வெயிலும் 70 சதவீத ஈரமும் இருக்கும் நாளில், 27 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். டக்டுக்குள் ஓடும் காற்றோ 13 டிகிரி. வெப்பம் புகாமல் டக்டைச் சுற்றிய உறை பிரிந்த இடம், கிளாம்ப் அழுத்திய இடம், டக்ட் துண்டுகள் சேரும் விளிம்பான ஃபிளேஞ்ச் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். ஃபிளேஞ்சை மூடாமல் விடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. 25 மில்லிமீட்டர் நைட்ரைல் ரப்பர் ஷீட்டைப் பசை தடவி ஒட்டி, மூட்டுகளை அதே ரப்பர் டேப்பால் மூடுங்கள். கண்ணாடிப் பஞ்சு போட்டிருந்தால், வெளியே உள்ள அலுமினியத் தாளில் ஓர் ஆணித் துளைகூட இருக்கக் கூடாது. உள்ளே புகும் ஈரம் பஞ்சை நனைத்துவிட்டால் அது பிறகு காயாது, மாற்றத்தான் வேண்டும். வளையும் குழாயைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருந்தால் அந்தக் கம்பி உறையை நசுக்கும். ஒன்றரை அங்குல அகலப் பட்டையால் 4 அடிக்கு ஒரு தாங்கல் கொடுங்கள்.

தென்காசியிலிருந்து ஒரு வாசகி: ஆடிக் காற்றில் சிம்னியின் வெளி மடல் ராத்திரி முழுக்கப் படபடவென்று அடிக்கிறது. கட்டி வைத்துவிடலாமா?

கட்டினால் மறுநாள் அவிழ்க்க மறந்து சிம்னியை ஓட்டுவீர்கள், மோட்டார் சூடேறும். வாய் மேற்குச் சுவரில் இருக்கிறது என்று ஊகிக்கிறோம். மடலின் விளிம்பு வந்து படும் இடத்தில் மெல்லிய ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டுங்கள், சத்தம் அடங்கும். அதற்கும் அடங்காவிட்டால் வாயில் ஒரு பெண்டைச் செருகிக் கீழ்நோக்கித் திருப்பி, அதன் முனையில் கீழ்வாய்க்கென்று வரும் ஸ்பிரிங் மடலைப் போடுங்கள். பழைய மடல் அங்கே தொங்கித் திறந்தே கிடக்கும். காற்று நேராக மோதாது. பெண்டின் அடியில் எண்ணெய் சொட்டும், அதனால் கீழே சன்ஷேடோ துணி காயப்போடும் கொடியோ இல்லாத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.